எக்ஸ்ரே அக்கா நூறு பேரை நொண்ட வைத்த கதை

இதை எழுதுகிறவன் எக்ஸ்ரே அக்காவை முதன்முதலில் சந்தித்தபோது மேல்சட்டை இல்லாமல் நின்றுகொண்டிருந்தான். வேலையில் சேர மருத்துவச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள்; அதற்கு நெஞ்சைப் படம் பிடிக்க வேண்டும். அவன் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவன். பட்டச் சான்றிதழை எங்கும் விட மனமில்லாமல் அந்த இருட்டறைக்குள்ளும் கையோடு கொண்டுபோயிருந்தான். "அத அப்படி ஸ்டூல் மேல வைங்க தம்பி, அதுக்கு எக்ஸ்ரே வேண்டாம்" என்றார் ஈய ஏப்ரன் போட்டிருந்த ஓர் அம்மாள். பிறகு சுவரோரம் நின்ற பலகையைக் காட்டி, "இதக் கட்டிப்பிடிங்க. நல்லா. வெக்கப்பட்டா நெஞ்சு தெரியாது" என்றார். அவன் கட்டிப்பிடித்தான். "மூச்ச இழுங்க. பிடிங்க. அசையாதீங்க." கண்ணாடிக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்திவிட்டு வந்தவர், அவன் தோளை ஒரு பார்வை பார்த்தார். "வயல்ல வேலை செஞ்ச தோளு. வர்ற மூணு நாள் லீவுல என்ன பண்ணப் போறீங்க?"

கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும் என்ற அறிவிப்புக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டியிருந்தது. பல நாட்டு நாட்டுப்புற ஆட்டமும் இசையும், மூன்று நாள் முகாம், ஆடத் தெரியாதவர்கள் கட்டாயம் வரவும். அப்படிப் போன இடத்தில்தான் இது நடந்தது. பாதி கண்ணால் பார்த்தது, மீதி அக்காவின் வாயிலிருந்து பிடுங்கியது. இனி இதில் எழுதுகிறவனுக்கு வேலை இல்லை.

அக்காவின் உத்தியோகமே மற்றவர்களை அசையவிடாமல் நிறுத்துவதுதான். இருபத்தேழு வருடமாக அந்தப் பெரிய மருத்துவமனையில் மூன்றாம் எண் அறை. ஜன்னல் கிடையாது. நடுவில் மேசை, அதன் மேல் முனகிக்கொண்டு இறங்கும் இயந்திரக் கை, மூலையில் உடை மாற்ற ஒரு துணித் தடுப்பு. இடுப்பில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு நாள் முழுக்க நிற்கிற கனம் அந்த ஏப்ரனுக்கு. உள்ளே வருகிறவர் பெரிய அதிகாரியோ சுமை தூக்குகிறவரோ, அக்காவுக்கு எல்லோரும் எலும்புதான். எல்லோருக்கும் ஒரே வார்த்தைதான்: அசையாதீங்க. ஒருநாளைக்கு அறுபது எழுபது முறை அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், சொந்தக் கை கால்கூட யாரோ அனுமதி கொடுத்தால்தான் நகரும்போல இருக்கும் என்பார்.

வீடு, கணவருடைய பூட்டுக் கடைக்கு மேலே. கணவரைத் தெருவே சாவிக்காரர் என்றுதான் கூப்பிடும். கீழே சாவி வெட்டும் இயந்திரம் கிறீச்சிட்டுக்கொண்டிருக்க, மேலே சமையலறைக்கும் கட்டிலுக்கும் நடுவில் உள்ள நாலடி இடத்தில் அக்கா கால் பழகுவார். கூரை அதிர்ந்ததும் கீழேயிருந்து குரல் வரும்.

"இன்னிக்கு எந்த நாடு?"

"மலைநாடு!"

"மலை சரியுது, என் தலைல காரை கொட்டுது!"

சாவிக்காரர் ஒருநாளும் ஆடியவர் இல்லை. ஆனால் முகாமுக்கு முதல்நாள் அக்காவின் பெட்டியை அவர்தான் கட்டுவார். பாவாடை மூன்று, தட்டைச் செருப்பு ஒரு ஜோடி, முழங்கால் வலிக்குத் தைலம், எல்லாவற்றுக்கும் மேலே அந்த நோட்டுகள்.

நோட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. முகாம் நடப்பது ஊருக்கு வெளியே ஒரு பயிற்சிப் பள்ளியின் விடுதியில். விடுமுறைக்கு மாணவர்கள் போய்விடுவார்கள், அடுக்குக் கட்டில்கள் காலியாக இருக்கும். மரத்தளம் போட்ட பெரிய கூடம் ஒன்று உண்டு. வருகிறவர்கள் நூறு நூற்றிருபது பேர்: பல் டாக்டர், வங்கிக் காவலாளி, ஜெராக்ஸ் கடை நடத்தும் அக்கா தங்கை இருவர், இப்படி. வெளிநாட்டிலிருந்து வருகிற ஆசிரியர் இரண்டு நாள் காட்டிக்கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவார். அடுத்த வருடம் அதே ஆட்டத்தை எடுத்தால் ஒருத்தர் கிழக்கே போவார், ஒருத்தர் மேற்கே போவார். அக்கா மட்டும் சரியாகப் போவார், ஏனென்றால் அக்கா எழுதி வைத்திருப்பார். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பாதம் வரைந்திருப்பார். வலது பாதத்துக்குக் கறுப்பு, இடதுக்கு வெள்ளை. எக்ஸ்ரே படத்தில் போடுவது மாதிரியே பக்கத்தில் ஆர், எல். தேதி இருக்கும், மணி இருக்கும், சொல்லிக்கொடுத்தவர் கையெழுத்துகூட இருக்கும். இப்படி ஒன்பது நோட்டு. முகாமில் எந்தத் தகராறு வந்தாலும் செயலாளரான மருந்துக்கடைக்காரர் கையை உயர்த்தி, "அக்கா, நோட்டு" என்பார். அக்கா பிரிப்பார், படிப்பார், தகராறு முடிந்தது.

அந்த நோட்டுகள் கொடுத்த இடம்தான் வரிசையின் தலை. கை கோத்து நீளமாகப் போகும் ஆட்டங்களில் ஒரு முறை உண்டு. யாருக்கு ஆட்டம் தெரியுமோ அவர் தலையில் நிற்பார், அவர் வளைந்தால் வரிசை வளையும். பிந்தி வருகிறவர் வாலில் போய்ச் சேர வேண்டும். தலைக்கு முன்னால் போய் ஒட்டிக்கொள்வது அந்த முகாமில் அடுத்தவர் தட்டில் கை வைப்பதற்குச் சமம். பத்தொன்பது வருடமாக, முகாமின் கடைசி ஆட்டத்துக்கு அக்காதான் தலை.

அந்தக் கடைசி ஆட்டத்துக்குப் பெயர் பாலத்து ஆட்டம். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மலைநாட்டுக்காரர் வந்து சொல்லிக்கொடுத்தது. எட்டு எண்ணிக்கை. ஆறு எண்ணிக்கை விறுவிறுவென்று போய், ஏழாவதில் வலது காலை மெல்லத் தரையோடு இழுத்து, எட்டில் சேர்க்க வேண்டும். ஏழுக்கு நேரே நோட்டில் ஒரே வார்த்தை: இழு. பாரம் சுமந்துகொண்டு தொங்குபாலத்தைத் தாண்டுகிறவர்களின் களைப்பு அந்த இழுப்பில் இருக்கிறது என்று அக்காவே ஒரு விளக்கமும் கண்டுபிடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். சிலர் அந்த இடத்தில் கண் மூடிக்கொள்வார்கள். முகாமின் கொடியிலும், துணிப்பையிலும், சட்டையிலும் ஒரு கால் பின்னால் இழுபடும் உருவம்தான் சின்னம்.

ஒருத்தர் மட்டும் அதை ஏற்கவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால், முகாமுக்கு அப்போது புதிது, ஒரு லாரி டிரைவர். நெடுந்தூர லாரி ஓட்டி நாடு நாடாகப் போய் வந்தவர், ஆள் கதவு உயரம். அவர் ஏழாவதில் இழுக்காமல் வலது காலில் ஒரு துள்ளுத் துள்ளினார். பக்கத்தில் இருந்த பல் டாக்டர் தடுமாறி விழப்போனார். அக்கா பாட்டை நிறுத்தச் சொன்னார்.

"அண்ணே, ஏழுல இழுக்கணும்."

"நான் அந்த ஊர்லயே பாத்திருக்கேன்மா. துள்ளுவாங்க."

அக்கா நோட்டை எடுத்து வந்தார். பக்கத்தைப் பிரித்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். இன்னொரு கையில் மைக் இருந்தது. "தேதி இருக்கு, மணி இருக்கு, அந்த ஊர்க்காரர் கையெழுத்து இருக்கு. இதுல எங்கண்ணே துள்ளல் இருக்கு? நோட்டுல இருக்கிறத ஆடுங்க. முடியலன்னா உட்காருங்க."

கூடம் சிரித்தது. டிரைவர் அண்ணன் போய் உட்கார்ந்தார். முகாமை விட்டுப் போய்விடவில்லை. அடுத்த வருடமும் வந்தார், ஸ்பீக்கர், ஒயர், மைக் எல்லாவற்றையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மற்ற ஆட்டமெல்லாம் ஆடுவார். பாலத்து ஆட்டம் வந்தால் பொத்தானைத் தட்டிவிட்டு, ஜெனரேட்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விடுவார். "அந்த ஜெனரேட்டருக்கு என்ன சீக்கோ, கரெக்டா அந்த நாலு நிமிஷம்தான் வருது" என்று ஜெராக்ஸ் கடைத் தங்கை கேலி பேசுவாள். அக்காவும் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

எழுதுகிறவன் போயிருந்த அந்த வருடம் மலைநாட்டிலிருந்து ஆள் வந்தது. அன்று சொல்லிக்கொடுத்தவரின் மகள், அக்கார்டியன் வாசிப்பவர், கூட இரண்டு வாத்தியக்காரர்கள். நம் மொழியைப் புத்தகத்தில் படித்தவர் என்பதால் அச்சில் இருப்பது போலவே பேசுவார். முதல்நாள் மாலை, "என் தந்தை இங்கு விட்டுச்சென்ற நடனத்தை நான் காண விரும்புகிறேன்" என்றார். அக்கா தலையில் நின்று ஆடிக் காட்டினார். நூறு கால் ஒன்றாக இழுபட்டன. ஒவ்வொரு ஏழாவதிலும் அக்கார்டியன் ஒரு சுருதி தடுக்கியது. பயணக் களைப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மறுநாள் பதினொரு மணி டீக்கு, மலைக்காரர் மகள் அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, எனக்கு ஓர் ஐயம். ஏழாவது எண்ணிக்கையில் நீங்கள் அனைவரும் ஏன் நொண்டுகிறீர்கள்?"

"நொண்டலா? அது இழுப்புங்க. உங்கப்பா சொல்லிக்கொடுத்தது." அக்கா பெருமையாக ஐந்தாம் நோட்டை எடுத்துப் பிரித்தார். "பாருங்க. ரெண்டாம் நாள் காலைல பத்து மணி. இது உங்கப்பா கையெழுத்துதானே?"

அந்தப் பெண் பக்கத்தைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அக்கா பயந்துபோய் முதுகைத் தடவப் போனால், அது சிரிப்பு. டீ தளும்பித் தளும்பிப் பாவாடையில் கொட்டியது.

"மன்னியுங்கள் அக்கா. என் தந்தை இங்கு வந்த முதல் இரவில் மேல் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். பாதத்தில் எலும்பு முறிந்தது. வீடு திரும்பிய பிறகே மாவுக்கட்டுப் போட்டார்கள். நடனம் கற்பிக்க வந்தவன் கட்டிலிலிருந்து விழுந்தான் என்று எப்படிச் சொல்வது என, இரண்டு நாள்களும் வலியைப் பொறுத்துக்கொண்டே ஆடினாராம். ஏழாவதில் வலது காலால் துள்ள வேண்டும். அவரால் துள்ள முடியவில்லை. ஆகவே இழுத்திருக்கிறார்."

அது அக்காவுக்கு நன்றாகத் தெரிந்த எலும்பு. சுண்டுவிரலுக்குப் பின்னால் இருக்கிற நீள எலும்பு. படி தவறியவர், கட்டிலிலிருந்து விழுந்தவர் என்று வாரத்துக்கு நாலு பேரை அந்த எலும்புக்காகவே படம் பிடிக்கிறார். கதவைத் திறந்து உள்ளே வரும் நடையைப் பார்த்தே எந்த எலும்பு என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் இரண்டு நாள் முழுக்க ஓர் உடைந்த பாதத்தைக் குனிந்து உட்கார்ந்து பார்த்து, அழகாகப் படம் வரைந்து, பக்கத்தில் இழு என்று எழுதியிருக்கிறார்.

மலைக்காரர் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவின் கையைப் பிடித்தார். "கவலை வேண்டாம். நான் எவரிடமும் கூறமாட்டேன். நாளை ஏழாவதில் சற்று மெதுவாக வாசிக்கிறேன். உங்கள் இழுப்புக்குப் பொருத்தமாக இருக்கும்."

அதோடு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அக்காவும் மத்தியானச் சாப்பாடு வரை அப்படித்தான் வைத்துக்கொண்டார். சாப்பாட்டுக் கூடத்தில் கை கழுவ நின்றபோது, எதிரே டிரைவர் அண்ணன் தட்டோடு போவதைப் பார்த்தார். தட்டை எடுக்காமலே வெளியே வந்தார். விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுக்கு போன் போட்டார்.

"சாப்பிட்டியா?" என்றார் சாவிக்காரர்.

"அத விடுங்க. பெரிய கூத்தாயிடுச்சு." அக்கா சொல்லி முடித்தார்.

அந்தப் பக்கம் சாவி வெட்டும் சத்தம் நின்றது. ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரே சிரிப்பு. "பத்தொம்போது வருஷமா நூறு பேர நொண்ட வச்சிருக்கியா! உங்க ஆஸ்பத்திரி மொத்தமும் சேந்து செஞ்சாலும் இது முடியாதே!"

"சிரிக்காதீங்க. அந்தப் பொண்ணு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னுடுச்சு."

"அப்புறம் என்ன? பூட்டியாச்சு, போய்ச் சாப்பிடு."

"டிரைவர் அண்ணன் இருக்காரே."

சிரிப்பு அடங்கியது. அந்தக் கதை அவருக்குத் தெரியும். "ஆமா. அவர் இருக்காரு."

"இத்தன வருஷம் நோட்ட வச்சுக்கிட்டு எல்லாரையும் மிரட்டியிருக்கேன். நாளைக்கு எந்திரிச்சு, நான் எழுதினது தப்புன்னு சொன்னா, அப்புறம் யாரு என் பேச்சக் கேப்பாங்க? மத்த எட்டு நோட்டையும் சந்தேகப்பட மாட்டாங்க?"

"படுவாங்க."

"என்னங்க இப்படிச் சொல்றீங்க!"

"பின்ன என்ன சொல்ல? நான் பூட்டுத் தொறக்கிறவன். தொறக்கணும்னு ஆள் கூப்பிட்டாத்தான் போவேன். நீ எதுக்கு என்னக் கூப்பிட்ட? பூட்டவா, தொறக்கவா?"

அக்கா போனை வைத்துவிட்டார். மனுஷனிடம் ஆறுதல் கேட்டால் தொழிலைப் பேசுகிறார் என்று கோபம்கூட வந்தது. ஆனாலும் சாயங்காலம் எல்லோரும் டீக்குப் போனபின் கூடத்துக்குத் திரும்பி வந்தார். டிரைவர் அண்ணன் தனியாக உட்கார்ந்து, முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாக ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே."

"மைக் சரியில்லையா?"

"மைக் நல்லாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல."

நின்றபடியே சொன்னார். கட்டில், எலும்பு, மாவுக்கட்டு, எதையும் மறைக்கவில்லை. டிரைவர் அண்ணன் ஒயரைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப துள்ளல்தான்?"

"துள்ளல்தான்."

"வலது கால்ல."

"வலது கால்லதான். ஏழுல."

அவர் ஒயரை மடியில் வைத்தார். "நான் அத ஒரே ஒரு தடவதான் தங்கச்சி பாத்தேன். டயர் வெடிச்சு ஒரு மலைக் கிராமத்துல மாட்டிக்கிட்டேன். அங்க ஒரு கல்யாணம். கையப் பிடிச்சு என்னையும் உள்ள இழுத்து விட்டுட்டாங்க. பொழுது சாயிற வரைக்கும் ஆடினேன். அந்த மாதிரி ஒரு நாள் என் வாழ்க்கைல வேற இல்ல." மடியில் கிடந்த ஒயரைப் பார்த்தார். "நீங்க அந்த நோட்ட மூஞ்சிக்கு நேரா பிடிச்சீங்க பாருங்க, தேதி, மணி, கையெழுத்துன்னு… எனக்கே சந்தேகமாப் போச்சு. படிச்சவங்க எழுதி வச்சிருக்காங்க, நான்தான் சரியாப் பாக்கலையோ, கனவு கினவு கண்டேனோன்னு. ஒம்போது வருஷமா அந்த நாளையே நான் யார்கிட்டயும் சொல்றதில்ல."

கூடம் சிரித்ததற்காக அண்ணன் வருந்துகிறார் என்று நினைத்துத்தான் அக்கா வந்திருந்தார். ஒருத்தருடைய நல்ல நாளைப் பிடுங்கிவிட்டோம் என்பது அதுவரை அவருக்குத் தெரியாது.

"என்ன மன்னிச்சிடுங்கண்ணே."

"ம்." அவர் மறுபடி ஒயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். முழுவதும் சுற்றி, முடிச்சுப் போட்டு, பெட்டியில் வைத்தபிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "அன்னிக்கு மைக்ல சொன்னீங்க."

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கடைசி ஒத்திகை. சாயங்கால ஆட்டத்தை முடித்துவிட்டு எல்லோரும் பஸ் பிடிக்க வேண்டும், மறுநாள் வேலை. கூடம் நிறைந்திருந்தது. அக்கா ஐந்தாம் நோட்டோடு மைக் முன்னால் போய் நின்றார். பக்கத்தைப் பிரிக்கையில் நோட்டின் தாள் மைக்கில் உரசி, ஸ்பீக்கர் முழுக்கச் சரசரவென்றது.

"பாலத்து ஆட்டத்துல ஏழுல நாம இழுக்கிறோம் இல்லையா, அது ஆட்டம் இல்ல. அது எலும்பு முறிவு." யாருக்கும் புரியவில்லை. அக்கா முழுவதையும் சொன்னார். "ஒம்போது வருஷம் முன்னால ஒருத்தர் சரியா ஆடினாரு. அவரை நான் எல்லார் முன்னாலயும் உட்காரச் சொன்னேன். அவர் பாத்தது உண்மை. நான் எழுதினது தப்பு. டிரைவர் அண்ணே, இத உங்ககிட்ட இந்த மைக்லதான் சொல்லணும்னு வந்தேன். மன்னிச்சுக்கோங்க."

கூடம் சந்தை மாதிரி ஆகிவிட்டது.

"தொங்குபாலத்துக் களைப்புன்னு சொன்னீங்களேக்கா! நான் அத நெனச்சு நெனச்சு அழுதிருக்கேனே!" என்று ஜெராக்ஸ் கடை அக்கா கத்தினாள்.

"எனக்கு அந்த இழுப்புலதான் மூச்சு வாங்கவே நேரம் கிடைக்குது. அதையும் பிடுங்கினா நான் செத்தேன்" என்றார் வங்கிக் காவலாளி.

மருந்துக்கடைக்காரர் தன் சட்டையின் நெஞ்சைப் பார்த்தார். அங்கே கால் இழுபடும் உருவம். "கொடி, பை, சட்டை எல்லாத்துலயும் போட்டாச்சே அக்கா. மாத்திரை மாத்தறதுக்கே டாக்டரக் கேக்கணும். அந்த மலைக்காரர் நல்லா இருக்காரா? அவரையே கேட்டுடலாமே!"

இருந்தார். மகள் போன் போட்டு மைக்குப் பக்கத்தில் பிடித்தார். தொலைதூரத்திலிருந்து ஒரு கிழக் குரல் வந்தது. மகள் தன் மொழியில் விளக்க விளக்க, அந்தப் பக்கம் முதலில் இருமல், பிறகு இருமலோடு கலந்த சிரிப்பு. நீளமாக ஏதோ சொன்னார். மகள் நிமிர்ந்து, மிக மரியாதையாக மொழிபெயர்த்தார்.

"என் தந்தை கேட்கிறார்: அந்தக் கட்டிலை மாற்றிவிட்டீர்களா?"

மாற்றவில்லை. போன வருடம் அதே கட்டிலிலிருந்து பல் டாக்டர் விழுந்தார். கூடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. தகராறு அந்தச் சிரிப்பில் கரைந்துபோனது.

"அண்ணே, நீங்க சொல்லிக்கொடுங்க" என்று அக்கா கூப்பிட்டார். டிரைவர் அண்ணன் முதலில் வரமாட்டேன் என்றார். முழங்கால், வயது, ஜெனரேட்டர் என்று ஏதேதோ சொன்னார். "ஜெனரேட்டர நான் பாத்துக்கிறேன், நீங்க போங்க" என்று ஜெராக்ஸ் கடைத் தங்கை அவர் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டாள். அவர் போய் நின்றார். அக்கார்டியன் ஆரம்பித்தது. ஏழில், அந்தக் கதவு உயர மனுஷன், ஒரு ஜாண்கூட எழும்பாத துள்ளல் ஒன்று துள்ளினார். மலைக்காரர் மகள் வாசித்தபடியே தலையை ஆட்டினார், அதேதான் என்று. சொல்லிக்கொடுக்க அவருக்கு அவ்வளவாக வரவில்லை. "இப்படித்தான்… இல்ல, இப்படி… அட, லாரி பள்ளத்துல விழுந்து எந்திரிக்கும்ல, அப்படி!" என்றார். ஆச்சரியம், அதற்குப் பிறகு பாதிப் பேருக்குப் பிடிபட்டுவிட்டது.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைசி ஆட்டம். பழக்கத்தில் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா தலைப் பக்கம் போகவில்லை. டிரைவர் அண்ணன் தலையில் நின்று கை நீட்ட, ஒவ்வொருவராகக் கோத்துக்கொண்டு போனார்கள். அக்கா கூடத்தின் நீளம் முழுக்க நடந்து, வரிசையின் வாலில் போய் நின்றார். பத்தொன்பது வருடத்தில் அங்கிருந்து கூடம் எப்படித் தெரியும் என்று அவர் பார்த்ததில்லை. தலை எங்கேயோ இருந்தது. முன்னால் வெறும் முதுகுகள்.

அன்று மத்தியானம்தான் வந்து சேர்ந்த ஒரு பெண், காலை நடந்தது எதுவும் தெரியாதவள், அவசரமாக ஓடிவந்து அக்காவின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் புதுசா மேடம்?"

"இந்த ஆட்டத்துக்குப் புதுசுதாம்மா."

"எனக்குப் பயமா இருக்கு. நீங்க பண்றதப் பாத்தே நான் பண்ணிடறேன்."

"ஐயோ, என்னப் பாக்காத. முன்னால பாரு" என்றார் அக்கா.

அக்கார்டியன் எழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அக்காவின் மனம் துள்ளு என்றது. கால் இழுத்தது. அடுத்த சுற்றிலும் இழுத்தது. பத்தொன்பது வருடம் பழகிய கால், அவர் சொல் கேட்பதாக இல்லை. அரைத் தாளம் பிந்தி, அவரைப் பிடித்திருந்த இரண்டு கைகளையும் ஒவ்வொரு ஏழிலும் இழுத்தடித்தார். வரிசை வளைந்து வளைந்து, தலை வாலுக்குப் பக்கத்தில் வந்தபோது டிரைவர் அண்ணன் அவர் காலைப் பார்த்துவிட்டார்.

"தங்கச்சி, ஏழு வருது, ஏழு வருது, இதோ… இப்ப!"

அக்கா துள்ளினார். எட்டாவதில். வரிசை முழுக்கச் சிரித்தது, டிரைவர் அண்ணன் எல்லோரையும்விடச் சத்தமாக. அந்தப் புதுப்பெண்ணும் எட்டில்தான் துள்ளினாள். ஆட்டம் முடிந்ததும் டிரைவர் அண்ணன் அக்காவிடம் வந்து பெரிதாக ஒன்றும் பேசவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, அந்த மலைக் கிராமத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை எப்படி ஆடத் தெரியாமல் மூன்று முறை விழுந்தான் என்ற கதையை, சுற்றி நின்ற ஏழெட்டுப் பேருக்குச் சொல்ல ஆரம்பித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மருந்துக்கடைக்காரர் இரண்டு முறை வந்து கூப்பிட்டும் கதை முடியவில்லை. அக்காவும் பெட்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எக்ஸ்ரே அக்கா இப்போதும் அதே மருத்துவமனையில், அதே மூன்றாம் எண் அறையில் இருக்கிறார். ஓய்வு பெற ஒரு வருடமும் நாலு மாதமும் பாக்கி. ஐந்தாம் நோட்டில் இழு என்ற வார்த்தையை அவர் அடிக்கவில்லை. அதற்குக் கீழே, எந்த எலும்பு முறிந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். பத்தாவது நோட்டு ஒன்று வாங்கி, டிரைவர் அண்ணன் லாரிப் பயணத்தில் பார்த்த ஆட்டங்களையெல்லாம் அவர் சொல்லச் சொல்லக் குறித்து வருகிறார். போன முகாமில் பாலத்து ஆட்டத்தில் வாலிலிருந்து மூன்றாவது ஆளாக ஆடினார். பத்துக்கு நாலு முறை ஏழில் சரியாகத் துள்ளுகிறார்.